கல்லீரலின் நிணநீர் நாளங்கள்

மார்பு நிண நாளம் வழியே இரத்தத்துக்குத் திரும்பும் நிணநீரில் கால் பங்கு முதல் பாதி வரை கல்லீரலில் ஊறுவது. ஆயினும் கல்லீரலைப் பற்றிய பாடங்களில் தமனி, போர்ட்டல் சிரை, பித்தநாளம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு துளியும் இந்த நாளங்களுக்குக் கிடைப்பதில்லை. சந்தாபுராவில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கு அவற்றையே முதற்பொருளாக எடுத்துக்கொண்டது பொருத்தமானது.

கல்லீரல் நுண்மடலுக்குள் நிணநீர் நாளமே கிடையாது. அங்குள்ள சைனுசாய்டுகளின் சுவரில் நுண்துளைகள் உண்டு; மற்ற நுண்குழாய்களைப் போல முழுமையான அடிச்சவ்வு இல்லை. ஆகவே பிளாஸ்மா புரதத்தோடு சேர்ந்தே கசிந்து டிஸ் இடைவெளியில் தங்குகிறது. அங்கிருந்து மால் இடைவெளி வழியாகப் போர்ட்டல் பாதையில் உள்ள நாளங்களில் இறங்குகிறது. உடலின் மற்றப் பகுதிகளின் நிணநீரைவிடக் கல்லீரல் நிணநீரில் புரதம் மிகுந்திருப்பது இதனால்தான். பெரும்பகுதி கல்லீரல் வாயிலில் உள்ள கணுக்களை அடைந்து, சீலியாக் கணுக்கள் வழியே மார்பு நிண நாளத்தில் சேர்கிறது. கல்லீரல் சிரைகளை ஒட்டிச் செல்பவையும் மேற்பரப்பு நாளங்களில் சிலவும் உதரவிதானத்தைத் துளைத்து மார்புக்குள் ஏறுகின்றன. கல்லீரல் புற்றுநோய் சிலபோது மார்புக் கணுக்களில் தலைகாட்டுவதற்கு இவ்வழியும் ஒரு காரணம்.

1622இல் இத்தாலியின் அசெல்லி, குடலின் பால் நாளங்களைக் கண்டபோது அவை கல்லீரலுக்கே செல்வதாக நம்பினார். டென்மார்க்கின் பார்த்தோலின் 1653இல் நேர்மாறாகச் சொன்னார்: கல்லீரலின் நிணநீர் வெளிநோக்கியே ஓடுகிறது. உணவை இரத்தமாக்கும் உறுப்பு என்ற பட்டத்தைப் பறிகொடுத்த கல்லீரலுக்கு அவர் கேலியாக ஒரு கல்லறை வாசகமும் எழுதினார்.

சிரோசிஸில்தான் இந்த நாளங்களின் பாடு தெரிகிறது. சைனுசாய்டு அழுத்தம் ஏற ஏற நிணநீர் பல மடங்கு ஊறுகிறது, நாளங்கள் விரிகின்றன, அவற்றாலும் தாங்க முடியாதபோது வயிற்றில் நீர் கோர்க்கிறது, பழைய மருத்துவர்கள் மகோதரம் என்றது. ஊசியால் எடுத்த அந்த நீரின் புரத அளவே பல சங்கதிகளைச் சொல்லிவிடும். முற்றிய சிரோசிஸில் நுண்துளைகள் அடைபட்டிருப்பதால் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். இதயச் செயலிழப்பிலும் பட்-கியாரி நோயின் தொடக்கத்திலும் துளைகள் திறந்தே இருப்பதால் அதற்கு மேலே போகும்.

மாற்று அறுவையின் நிலை வேறு. 1998 நவம்பரில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி டெல்லியில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அது. இன்று சந்தாபுராவை அடுத்த பொம்மசந்திரா நாராயணா மருத்துவ நகரிலும் இந்த அறுவை நடக்கிறது. எங்கு நடந்தாலும் சிரைகள், தமனி, பித்தநாளம் தைக்கப்படுகின்றன. நிணநீர் நாளங்கள் வெட்டப்பட்டபடியே விடப்படுகின்றன. அவை தாமாக மீண்டும் வளர்ந்து இணைவதால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. சிலருக்கு மட்டும் வடிகுழாயில் நீர் நிற்காமல் வரும். குடலில் இருந்து வரும் நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும். கல்லீரலினுடையது கொழுப்பில்லாததால் தெளிந்திருக்கும், சாதாரண மகோதர நீர் என்றே ஏமாற்றும். வடிநீர் தெளிவாக இருக்கிறது என்று கசிவை மறுத்துவிடாமல் அதன் புரதத்தையும் அளந்து குறித்து வைக்குமாறு அறுவை மருத்துவர்களை இந்த அவை கேட்டுக்கொள்கிறது.