துணியில் சுற்றிய பாலகன்

(நத்தார் ஆராதனையில் ஆற்றிய உரை)



நம்முடைய நத்தார் நாடகத்தில் பாலகன் இயேசுவாக வருவது எப்போதும் ஒரு பிளாஸ்ரிக் பொம்மைதான். போன வருஷ ஒத்திகையில் மரியாளாக நடித்த சிறுமி அதை ஒரு காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். எல்லாரும் சிரித்தீர்கள். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் தாதியாக இருக்கிற எனக்கோ நெஞ்சு பதறிவிட்டது. ஓடிப்போய், "கழுத்து நிற்காத பிள்ளையம்மா, தலைக்குக் கீழே கையை வை" என்றேன்.

அன்றிரவு லூக்கா 2-ம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். மேய்ப்பருக்குத் தேவதூதன் சொன்ன அடையாளத்தைக் கவனியுங்கள். துணியில் சுற்றி, மாடு தீன் தின்கிற தொட்டியில் கிடக்கிற ஒரு குழந்தை. சுற்றியது யார்? மரியாளே. மருத்துவச்சி எவளையும் லூக்கா சொல்லவில்லை. பிள்ளை பெற்ற களைப்போடு அந்தத் தாயே சுற்றிக் கிடத்தினாள்.

ஏன் சுற்றவேண்டும்? பிள்ளைகளே, குழந்தை ஈரத்தோடு பிறக்கும். துடைத்துச் சூடாக வைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே உடம்பு குளிரத் தொடங்கும். நம்மைப்போல நடுங்கிச் சூடு உண்டாக்க அதற்கு முடியாது. கண்ணும் ஏறக்குறைய 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தைத்தான் ஓரளவு காணும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. வானத்தையும் பூமியையும் படைத்தவர் அப்படி வந்தார். ஒருவர் துடைத்துச் சுற்றிப் பால் கொடுக்காவிட்டால் உயிர் தங்காது என்ற நிலையில் வந்தார். தேவன் மனுஷனானார் என்று சிறுவயது முதல் சொல்லி வந்தேன். அது எனக்கு விளங்கியது வேலையிடத்தில்தான்.

பல வருஷங்களாக நத்தாருக்கு முந்திய மாலையில் எனக்கு வேலை. "கோயிலுக்குப் போகாமல் என்ன நத்தார்?" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பா. எனக்கும் மனவருத்தம்தான். உங்கள்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்.

ஒரு வருஷம் 24-ம் திகதி மாலை 5 மணிக்கு, நோர்வேயின் வழக்கப்படி, நத்தாரை வரவேற்கக் கோயில் மணிகள் அடிக்கத் தொடங்கின. இன்குபேற்றருக்குப் பக்கத்தில் ஒரு இளம் தகப்பன் நின்றார். நாலு நாளாகப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, பிள்ளையைத் தொடவில்லை. தன் கை பட்டால் ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். அவரை நாற்காலியில் சாய்ந்திருக்கச் செய்து, சட்டையைத் திறக்கச் சொல்லி, குழந்தையை வெறும் நெஞ்சின்மேல் படுக்கவைத்துப் போர்த்தினேன். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேற்றர்கள் போதாத ஒரு நெருக்கடியில் வைத்தியர்கள் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்பார்கள். சிறிது நேரத்தில் குழந்தையின் மூச்சு சீரானது. தகப்பன் சத்தமில்லாமல் அழுதார். மணிகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அன்று ஆராதனையைத் தவறவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் சபையிலும் இன்று வரமுடியாதவர்கள் உண்டு. வயோதிபர் இல்லத்தில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள், பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்துக் குறை பேசாதேயுங்கள். வீடு திரும்பும்போது ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

இவ்வளவையும் நான் அந்தச் சிறுமிக்குச் சொல்லவில்லை. ஒத்திகையில் அவள் கேட்டது வேறு.

"அன்ரி, இயேசு பாலன் அழுதவரா?"

"கட்டாயம் அழுதிருப்பார். பிறந்த பிள்ளை அழாவிட்டால் நாங்கள் எல்லாரும் பயந்து ஓடிவருவோம். அழும்போதுதான் நெஞ்சுக்குள் நன்றாகக் காற்று நிறையும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பொம்மையைத் தோளில் போட்டு, தலைக்கு ஒரு கையை அணைகொடுத்து, முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே முன்னணைக்கு நடந்தாள்.