மலையேறிய மாணவர்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் பலருக்குச் சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசைதான். கம்பஸுக்குப் போன பிறகு ஒப்படை, பரீட்சை, விடுதி வாழ்க்கை என்று கோயில் பழக்கம் மெல்ல விட்டுப்போகும். மறுபடி கோயில் படியேற நினைக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார், ஒரு மாணவர்!

அவர் இத்தாலியின் தூரின் நகரத்துப் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. 1901இல் பிறந்தவர். அப்பா 'லா ஸ்தாம்பா' பத்திரிகையின் அதிபர். மகனோ, சுரங்கத் தொழிலாளர் மத்தியில் பணியாற்ற விரும்பிச் சுரங்கப் பொறியியல் படித்தார். படிப்பு அவருக்குச் சுலபமாக வரவில்லை. ஆனாலும் தினமும் நற்கருணை வாங்குவார். நண்பர்களோடு மலையேறுவார், கேலியும் கிண்டலுமாகச் சிரிப்பார். ரயிலுக்கு வைத்திருந்த காசை ஏழைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வருவார்.

1925இல், 24 வயதில், போலியோ நோய் அவரைக் கொண்டுபோனது. இறுதி ஊர்வலத்தில் தெருவெல்லாம் ஏழைகள் திரண்டு நின்றார்கள். மகன் செய்த உதவிகள் அன்றுதான் பெற்றவர்களுக்கே முழுதாகத் தெரிந்தன. நூறு ஆண்டு கழித்து, 2025 செப்டெம்பர் 7இல் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆகவே பிள்ளைகளே, விசுவாசத்துக்காகப் படிப்பையோ சிரிப்பையோ விட வேண்டியதில்லை. ஞாயிறு பூசைக்குப் போய் வாருங்கள். பக்கத்து அறையில் காய்ச்சலோடு கிடப்பவனுக்குக் கஞ்சியும் வாங்கிக் கொடுங்கள்.