எலும்பு கல் அன்று

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கழகத்தின் தொண்டினைப் பாராட்டிப் பேச இம்மேடையில் பலர் உளர். என்னை, மாணவர்க்குப் பயன்படும் அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் கலைப் பட்டதாரி; வரலாறு கற்பித்தவன். ஆயினும் மனித எலும்பைப் பற்றிப் பேசத் துணிந்தேன். ஏனெனில், எலும்பின் வரலாற்றில் ஒரு பக்கம் நம் செங்கற்பட்டில் எழுதப்பட்டது. அந்தப் பக்கத்தில் நம் தெரு செய்த பிழை ஒன்றும் இருக்கிறது.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தெருக்கோடியில் பெரியவர் ஒருவர் தனிக் குடிசையில் வாழ்ந்து வந்தார். அவருடைய கைவிரல்கள் பாதியளவே இருந்தன. ஊர்த் தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக் குவளை வைத்திருந்த காலம் அது. அதைக் கண்டு கொதித்த எங்கள் தெருவே, அந்தப் பெரியவருக்கென ஒரு தனிக் குவளை வைத்திருந்தது. 'முற்பிறப்புப் பாவம் விரலைத் தின்கிறது' என்று மூத்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். விரலைத் தின்றது எது என்பதை அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே கற்றுக்கொண்டேன்.

அன்பர்களே! மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கற்கோயில் அது. உப்புக் காற்று மோதி மோதி அதன் சிற்பங்கள் பல முகம் தேய்ந்து நிற்கின்றன. தேய்ந்த கல் மீண்டும் வளர்வதில்லை. எலும்பையும் அத்தகைய கல்லென்றே நாம் எண்ணுகிறோம். அது பிழை. எலும்பு உயிருள்ளது, நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறப்பது. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இதற்கு எல்லார்க்கும் தெரிந்த உவமை ஒன்று சொல்வேன். கூரை வீட்டில் வாழ்ந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். மக்கிப்போன கீற்றை முதலில் பிரிக்க வேண்டும். பின்னர் புதுக் கீற்றை வேய வேண்டும். பிரிப்பவர் ஒருவர், வேய்பவர் ஒருவர். எலும்பிலும் அவ்வாறே. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் பிரிப்பவை. இவை இரத்த அணுக்களின் குடும்பத்தில் பிறந்தவை; அமிலமும் நொதியும் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் வேய்பவை. கரைந்த குழியில் புதிய எலும்பை இடுகின்றன. ஓரிடத்தைப் பிரிக்கச் சில வாரங்களே போதும். மீண்டும் வேயவோ சில மாதங்கள் ஆகும். பிரிப்பது விரைவு, வேய்வது தாமதம். ஆகவே பிரிப்பவர் கை ஓங்கினால் கூரை ஒழுகும், எலும்பு மெலியும்.

எங்கே பிரிப்பது, எப்போது நிறுத்துவது என்று கட்டளையிடுபவர் யார்? எலும்பினுள்ளேயே புதைந்து வாழும் மூன்றாம் வகை உயிரணுக்கள் உள்ளன. ஆஸ்டியோசைட் என்பன அவை. எலும்பு உயிரணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு இவையே. எலும்பின்மீது விழும் சுமையையும் அதில் உண்டாகும் நுண்ணிய விரிசலையும் இவை உணர்ந்து தூது அனுப்புகின்றன. 'பிரிக்க வா' என்று அழைக்கும் தூதுப் பொருளுக்கு ரேங்க்-எல் என்று பெயர். அத்தூது உரியவரைச் சேராமல் இடையில் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்றும் உண்டு, அது ஆஸ்டியோபுரோடிஜெரின். இவ்விரண்டையும் 1997, 1998ஆம் ஆண்டுகளில் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இவற்றின் அளவு ஒத்திருக்கும் வரையில் எலும்பு நலமாக இருக்கும். வேய்பவரைத் தடுக்கும் தூதும் ஒன்றுண்டு, அது ஸ்கிளீரோஸ்டின். சுமை தாங்கும் எலும்பில் அது குறைகிறது. அசையாது கிடக்கும் உறுப்பில் அது மிகுகிறது. உழைக்கும் கையின் எலும்பு தடிப்பதும், படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிவதும் இதனாலேயே.

இனி, விரலைத் தின்றது எது என்ற வினாவுக்கு வருகிறேன். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தோன்றியது. அதே 1924ஆம் ஆண்டில், நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் நமக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். வழி மறுக்கப்பட்ட ஒரு மக்களுக்காக அங்கே குரல் எழுந்தது. ஊரால் துரத்தப்பட்ட நோயாளருக்கு இங்கே ஓர் இடம் கிடைத்தது.

திருமணி மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் காக்ரேன், 1947ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டு என்பவரை இங்கு அழைத்துவந்து நோயாளரைக் காட்டினார். பிராண்டு, கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். அவர் நோயாளி ஒருவரின் மடங்கிப்போன கையைப் பற்றி, தம் கையை அழுத்துமாறு சொன்னார். பிடி வலி தாங்க முடியாத அளவு வலுவாக இருந்தது. செத்துவிட்டதாக எல்லாரும் எண்ணிய கையில் உயிருள்ள தசை இருந்தது. அப்பிடியே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. நல்ல தசையின் நாணை மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை அவர் வேலூரில் வளர்த்தார்.

அதைவிடப் பெரியது அவர் நிலைநாட்டிய உண்மை. தொழுநோயில் விரல் அழுகி உதிர்வதில்லை. நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது. கையின் உணர்ச்சி போகிறது. சுடுபாத்திரம் சுட்டாலும், முள் தைத்தாலும், உறக்கத்தில் எலி கடித்தாலும் வலி தெரிவதில்லை. வலியாதலால் புண்ணோடு உழைப்பு தொடர்கிறது என்றல்ல. வலி இல்லாததால் தொடர்கிறது. புண் சீழ்பிடித்து எலும்பை எட்டுகிறது. அங்குத் திரளும் அழற்சி அணுக்கள், 'பிரிக்க வா' என்னும் தூதை மிகுவிக்கின்றன. பிரிப்பவர் பெருகுகின்றனர். நரம்பிழந்த உறுப்பின் இயக்கம் குறைவதால் வேய்பவரும் தளர்கின்றனர். சிலருக்குக் கிருமி எலும்பிலேயே தங்கியும் கேடு செய்வதுண்டு. இவ்வாறு எலும்பு உள்ளுக்குள்ளேயே கரைய, விரல் குறுகுகிறது. குறுகிய விரலின் முனையிலும் பல வேளை நகம் எஞ்சி நிற்பதே இதற்குச் சான்று. உதிர்ந்த விரலுக்கு நகம் ஏது? பாவமும் இல்லை, சாபமும் இல்லை. காக்கப்படாத புண்ணும், பிறழ்ந்த தூதும், உதவாத ஊருமே அந்த விரலைத் தின்றன.

திருமணி மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. இன்று பன்மருந்துச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் நோய் நீங்கும். நோயாளரைப் பிரித்து அடைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2016இல் நீக்கியது. மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டுவதும் 2019இல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தத் தொடங்கிவிட்டது. தெரு திருந்த வேண்டும்.

தாய்மார்களே! இந்தத் தூது முறை உங்களுக்கும் உரியது. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பில் இருக்கிறது. எலும்பு ஏரி என்றால் இரத்தம் வாய்க்கால். நம் முன்னோர் பலர் நீர்க்கட்டிகளாக இருந்து, வாய்க்கால் வற்றும்போது ஏரி மதகைத் திறந்தனர். கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பி அத்தகைய நீர்க்கட்டி. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால், அது எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குத் தரும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. 'பிரிக்க வா' என்னும் தூதுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்கிறது. முதுகு கூனுவதும், சிறிய வீழ்ச்சியில் இடுப்பு முறிவதும் இதனால் நிகழலாம். ரேங்க்-எல் தூதைத் தடுக்கும் மருந்துக்கு அமெரிக்கா 2010இல் ஒப்புதல் அளித்தது. ஆயினும் மருந்துக்கு முன் உணவு இருக்கிறது. எலும்பின் முதல் முப்பது வயதுக்குள் சேர்வது. பின்னர் அதைச் செலவிட்டே வாழ்கிறோம். நாற்று நடுவதும் சுமை தூக்குவதும் மட்டும் எலும்பைத் தேய்ப்பதில்லை. உழைத்தவள் கடைசியில் மிஞ்சியதை உண்பதே தேய்க்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. நம் கடற்கரையில் கிடைக்கும் நெத்திலியை முள்ளோடு உண்ணலாம். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் ஒரே அளவு பரிமாறுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில், எவருடைய உடலிலேனும் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய படை இருந்தால், பழிக்காமல், ஒளிக்காமல், கைபிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்குக் கற்பித்தது எழுத்தை மட்டுமன்று. விதி என்று சொல்லப்பட்டதைக் காரணம் கேட்கும் துணிவையும்தான். பிறப்பைக் காட்டி நம்மை ஒதுக்கியவரிடம் காரணம் கேட்டோம். அதே காரணத்தை நம்மிடமும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவரின் குவளையை நான் ஒரு முறையும் தொட்டதில்லை. இன்று தொட விரும்புகிறேன், அவர் இல்லை. உங்களுக்கு அந்த வருத்தம் வாராதிருக்கட்டும்.