சிறுத்தையோடு ஒரே தோணியில்

நடுக்கடலில் ஒரு சிறு படகு. அதிலே ஒரு மனிதனும் ஒரு புலியும். புதுச்சேரிச் சிறுவன் ஒருவனை இவ்வாறு 227 நாட்கள் மிதக்கவிட்டு, 2001ஆம் ஆண்டில் ஒரு நாவல் எழுதினார் கனடா எழுத்தாளர் யான் மார்ட்டல். அது கற்பனை. இலங்கை மலையகத்தில், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளில், ஏறக்குறைய அதே வாழ்வு கற்பனையின்றி நடைபெறுகின்றது. இங்கும் இறங்கிப்போக இரு சாராருக்கும் வேறு கரையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சியவை உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாய் நின்றன. அத்துண்டுகளுக்கிடையே நடமாடும் சிறுத்தைக்குத் தேயிலை மலையே பாதை. சிலவேளை குட்டி ஈனும் இடமும் அதுவே. கவ்வாத்து வெட்டாது விட்டுப் புல்லும் புதரும் மண்டிய மலையென்றால் குட்டிகளை ஒளித்துவைக்க மிகவும் வாய்ப்பு.

காலைப் பிரட்டு முடிந்து, கூடையைத் தலையில் மாட்டி நிரையில் இறங்கும் பெண்ணின் கண்ணும் கையும் கொழுந்திலேயே இருக்கும். சிறுத்தைக்கு மனிதன் இரையல்லன். மான், பன்றி, முள்ளம்பன்றி, லயத்து நாய் ஆகியனவே அதன் உணவு. ஆளரவம் கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும். திடீரென நெருங்கிவிட்டாலோ, குட்டிகள் அருகே இருந்தாலோதான் பாய்ந்து கீறுகின்றது. எனவே பேச்சும் சத்தமுமாய்க் கூட்டமாக இறங்குவதே நன்று. நாவலின் சிறுவனும் ஊதுகுழலின் ஓசையாலேயே புலியைத் தள்ளி நிறுத்தினான். குட்டிகளைக் கண்டால் தொடலாகாது. இருட்டியதும் தாய் வந்து கவ்விச் செல்லும். அதுவரை ஆட்களை வேறு மலைக்கு மாற்றுவது தோட்டத்தின் பொறுப்பு. அன்றைக்கு அரைப்பேர்தான் கிடைக்குமென்றால், கண்டதைச் சொல்ல யார் முன்வருவார்?

2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணிப் பகுதியின் வாழைமலைத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் நிறம் அது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் மூன்றாம் நாள் இறந்தது.

இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென்று கட்டப்படுபவை. லயத்தின் பின்னே பாடுபட்டு வளர்த்த மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஓரிரவில் உழுதுவிட்டால், அக்குடும்பத்தின் நட்டம் சிறிதன்று. கம்பி கட்டியவனைக் கொடியவன் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆனால் அப்பன்றியைத் தின்பது இதே சிறுத்தைதான். கம்பியோ வந்த விலங்கு எதுவெனப் பார்ப்பதில்லை. அதை அறுத்துக்கொண்டு காயத்தோடு ஓடிய சிறுத்தை, மறுநாட் காலை எந்தத் தேயிலைச் செடியடியில் படுத்திருக்கும் என்பதைப் பிரட்டுக்களத்தில் நிற்கும் எவரும் அறியார்.