இலைச் சூப்பும் இரத்த பலமும்

(பிள்ளைக்காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு நான் ஒரு சட்டி சூப்பைப் பற்றித்தான் பேசப் போறேன். இதற்கு ஒரு கூட்டமா என்று நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு சுமார் 17 பேர். ஆனால் தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு சுமார் 32 பேர். இது நம்ம லயத்துப் பிள்ளைகளின் கணக்கு. தாய்க்கு இரத்தம் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கக்கூடும்.

சம்பளம், சாமான் விலை என்று இதற்குப் பல காரணம் உண்டு. அதையெல்லாம் சூப்பு தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கையெட்டும் தூரத்தில் இருக்கிற சத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது, கண்ணின் கீழ் இமை உள்ளே வெளிறிக் கிடக்குது. இதை வேலை அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். இது இரத்தக் குறைவாக இருக்கலாம். இரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். காலையிலும் பகலிலும் கோதுமை ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் அது போதாது.

இப்போது சூப்பு செய்கிற விதத்தைக் கேளுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு கைப்பிடி பருப்பைக் கழுவி, ஆறு கோப்பை தண்ணீரில் மஞ்சள் போட்டு வேகவையுங்கள். பாதி வெந்ததும் ஒரு கரட், நாலு போஞ்சி, ஒரு துண்டு பூசணிக்காய், ஒரு வெங்காயம் எல்லாவற்றையும் சிறிதாக வெட்டிப் போடுங்கள். இஞ்சி, வெள்ளைப்பூடு, மிளகு, சீரகம் இடித்துச் சேருங்கள். நெத்தலிக் கருவாடு இருந்தால் கழுவி ஒரு கைப்பிடி போடுங்கள். இலையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள மீனும் உதவும். காய் வெந்த பிறகு இரண்டு கைப்பிடி இலையை நறுக்கிப் போட்டு, மூடி, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். வெந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சத்து அதிலும் இருக்கிறது. கடைசியாகக் கோப்பையில் ஊற்றி, தேசிக்காய்ப் புளி விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் தேசிக்காயின் சத்து சூட்டில் குறைந்துவிடும்.

எந்த இலை என்று கேட்பீர்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, கறிவேப்பிலை, தண்டுக்கீரை எதுவும் நல்லது. பதுளைச் சந்தையில் கொட்டுகொல என்று விற்பது நம்ம வல்லாரைதான். முக்குணுவென்ன என்பது பொன்னாங்காணி. பசறை, லுணுகலைப் பக்கம் முருங்கை நன்றாக வரும். அப்புத்தளைக் குளிரில் அது சரிவராது, அங்கே வேறு கீரை போடுங்கள். வெலிமடைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு கரட்டுக்கும் கோவாவுக்கும் குறைவில்லை. இடம் இல்லாதவர்கள் பழைய வாளியிலோ அரிசிச் சாக்கிலோ மண் போட்டு வல்லாரை வையுங்கள், அரிசி கழுவிய தண்ணீரே போதும். சிங்கள வீடுகளில் காலையில் குடிக்கிற கொலகெந்தவும் இதே மாதிரிதான். இலைச் சாறும் அரிசியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த கஞ்சி அது.

ஒரு எச்சரிக்கை. களைமருந்து அடித்த தேயிலைக்குள்ளோ, அழுக்குக் கானுக்குப் பக்கத்திலோ இலை பறிக்க வேண்டாம். தெரியாத இலையைத் தொடவே வேண்டாம். எதையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நம்ம கையால் பறிக்கிற தேயிலைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால், அதன் துவர்ப்பு இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்புச் சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள்.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் ஊட்டினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அடியில் உள்ள பருப்பையும் காயையும் மசித்துக் கட்டியாகக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு உப்பும் காரமும் போடுவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள், அதில் கருவாடும் சேர்க்க வேண்டாம். பிரசர் உள்ளவர்களுக்கும் உப்பும் கருவாடும் குறைவாக இருக்கட்டும்.

சூப்பு மருந்து அல்ல. அது உணவு. கர்ப்பிணிகள் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது. மிட்வைஃப் அம்மா தருகிற மாத்திரையையும் திரிபோஷாவையும் நிறுத்தக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் மிளகு ரசம் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதியுங்கள்.

கடைசியாக, அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. நம்ம வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் பொம்பளை சாப்பிடுகிறாள். பகல் முழுக்க மலையில் கூடை சுமந்தவளும் அவள்தான். சட்டி இறங்கியதும் முதல் கோப்பையை அவளுக்கு ஊற்றிக் கொடுங்கள். பருப்பு அவள் பங்கிலும் இருக்கட்டும்.