சறுக்கப் போகும் பிள்ளைக்கு ஹெல்மெட்

கனடாவின் ஒன்டாரியோவில் குளிர்காலம் வந்தால் பள்ளிப் பிள்ளைகளை ஐஸ் ஸ்கேட்டிங் கூட்டிப் போவார்கள். முன்னதாக வீட்டுக்கு ஓர் அனுமதித் தாள் வரும். ஸ்கார்பரோவில் நம் தமிழ்ப் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பல பள்ளிகளில் ஹெல்மெட் இல்லாத பிள்ளை பனித்தளத்தில் கால் வைக்க முடியாது.

"சைக்கிள் ஹெல்மெட் இருக்கே, போதாதா?" பல இடங்களில் போதாது, ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்தான் வேண்டும் என்பார்கள். கால் வழுக்கினால் மல்லாந்து விழ வாய்ப்பு அதிகம், அடி பின்மண்டையில். ஹாக்கி ஹெல்மெட் அந்த இடத்தையும் நன்றாக மூடும், திரும்பத் திரும்ப விழுந்தாலும் தாங்கும். சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரையோ ஒரு பலத்த அடியில் நசுங்கிவிடும். அப்புறம் அது சும்மா தொப்பி. புதிதாகக் கற்கிற பிள்ளை ஒரு தடவையா விழும்?

உச்சியில் போட்ட கொண்டையோ, தடித்த கம்பளிக் குல்லாவோ உள்ளே இருந்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

ஹெல்மெட் கட்டாயம் ஸ்கேட்டிங்குக்கு மட்டுமல்ல. இத்தாலியின் பனிச்சறுக்குச் சரிவுகளில் 2005இல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. 2022இல் வரம்பு 18 ஆனது. 2025 நவம்பரிலிருந்துதான் எல்லோருக்கும். அதுவரை பெரியவர்களுக்கு மண்டை கெட்டி என்று நினைத்தார்களோ என்னவோ!