25 மணி நேரம் இலவசம்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிற கடைசி ஆள் நான். உங்கள் பசி எனக்குத் தெரியும், சுருக்கமாகவே பேசுகிறேன்.

2014 பிப்ரவரி 14. அப்போது முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். காதலர் தினம் என்று விடுதியில் பாதி அறைகள் காலி. நானும் அறைத்தோழனும் மட்டும் ஒரு பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஜிப் கோப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி லா சோல் என்ற ஹிப் ஹாப் குழு. நியூயார்க் லாங் ஐலேண்டைச் சேர்ந்த மூன்று கறுப்பினக் கலைஞர்கள். '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ற அவர்களுடைய முதல் ஆல்பம் 1989-இல் வந்தது. 25 ஆண்டு நிறைவுக்காக, மின்னஞ்சல் முகவரி கொடுப்பவர்களுக்குத் தங்கள் ஆல்பங்களை எல்லாம் 25 மணி நேரம் இலவசமாகக் கொடுத்தார்கள். விடுதியின் இணைய வேகத்தில் 25 மணி நேரம் போதுமா என்பதுதான் எங்கள் கவலை.

'எவ்வளவு பெரிய மனசு' என்றான் அவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆய்வுக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது: விற்க முடியாததால்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

அந்த ஆல்பம் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளால் கோத்தது. சாம்ப்ளிங் என்கிறோமே, அது. 1989-இல் எழுதிய அனுமதி ஒப்பந்தங்கள் இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இணையம் வந்தபோது அந்தத் தாள்கள் செல்லுமா என்று யாருக்கும் உறுதியில்லை. நிறுவனங்கள் வழக்குக்குப் பயந்து பாட்டுகளைப் பூட்டி வைத்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்த ஆல்பத்தைச் சேர்த்தது. நாட்டின் பொக்கிஷம்! ஆனால் இணையத்தில் காசு கொடுத்து வாங்க முடியாது.

சாம்ப்ளிங்கை அமெரிக்க நீதிமன்றம் எப்படிப் பார்த்தது தெரியுமா? 1991-இல் பிஸ் மார்க்கி என்ற கறுப்பின ராப்பர் மீதான வழக்கில், நீதிபதி தீர்ப்பைத் திருட்டுக்கு எதிரான விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். இன்னொரு பக்கம், லெட் செப்பலின் தன் பாட்டை எடுத்துக்கொண்டது என்று ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் வழக்குப் போட்டு, 1987-இல் சமரசமாக முடிந்தது. அதற்குள் அந்தப் பாட்டு உலகம் சுற்றி வந்துவிட்டது. அவர்கள் எடுத்தால் அதற்குப் பெயர் 'தாக்கம்'. நம்மைப் போன்றவர்கள் எடுத்தால் திருட்டு. இந்த அகராதி நமக்குப் புதிதில்லை.

மறு ஆண்டு டி லா சோல் புதிய ஆல்பத்துக்காகக் கூட்டு நிதி கேட்டார்கள். 6 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த 25 மணி நேரத்தில் சேர்ந்த முகவரிகளுக்கு இதில் பங்கு உண்டு என்பது என் ஊகம். 2019-இல் பழைய நிறுவனம் பாட்டுகளை இணையத்தில் ஏற்றத் தயாரானபோது, தங்களுக்குக் கிடைக்கப்போவது வெறும் 10 சதவீதம் என்று குழு வெளிப்படையாகச் சொன்னது. ஜே-ஸி, நாஸ் எல்லாம் துணைக்கு வர, வெளியீடு நின்றது. நிறுவனம் 2021-இல் கைமாறிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. 2023 மார்ச் 3 அன்று பாட்டுகள் முறையாக இணையத்துக்கு வந்தன. அதற்கு 19 நாள் முன்னால் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் இறந்துபோனார். ட்ருகாய் என்ற பெயரில் பாடியவர்.

இலவச ஆல்பம் என்றதும் எல்லோரும் ரேடியோஹெட்டைச் சொல்வார்கள். 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை வெளியிட்டு, விருப்பப்பட்ட விலையைக் கொடுங்கள் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆறு ஆல்பங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பெரிய நிறுவனத்தின் பணம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த மாதம் நடந்தது. சால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கவிஞர், நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரோடு சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார். சும்மா எடுத்துக்கொள்ளலாம், அல்லது 5 டாலர் கொடுக்கலாம். 2008 ஜனவரியில் ரெஸ்னர் கணக்கை வெளியிட்டார். இறக்கியவர்கள் 1,54,449 பேர். காசு கொடுத்தவர்கள் 28,322 பேர். ஐந்தில் ஒருவர்கூட இல்லை. ரெஸ்னர் மனம் உடைந்துதான் எழுதியிருந்தார்.

அதே குறிப்பில் இன்னோர் எண்ணும் உண்டு. சாலின் முந்தைய ஆல்பம் 2004-இல் வந்து அதுவரை விற்றது 33,897 பிரதி. மூன்று ஆண்டுக்கு மேல் கடைகளில் விற்றதை, இரண்டே மாதத்தில் விரும்பிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கை நெருங்கிவிட்டது. கேட்டவர்களோ நான்கரை மடங்கு. நட்சத்திரத்தின் கண்ணுக்கு இது தோல்வி. கடையில் இடம் கிடைக்காதவரின் கண்ணால் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஆனால் இலவசத்தைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா சாவுக்குப் பறை அடித்தவர். கூலி கிடையாது. அறுப்பு முடிந்தால் களத்தில் கொஞ்சம் நெல், அதுவும் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. ஊரில் யார் செத்தாலும் போயாக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டும். ஊர்க்காரர்கள் அந்த இசையை இலவசமாகத்தான் கேட்டார்கள். அதைத் தாத்தா 'கொடுத்தார்' என்று யாராவது சொல்ல முடியுமா? 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவன் கொடுத்தால்தான் அது கொடை. மகர்களின் பரம்பரை ஊழியமான வதனை ஒழிக்க அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்ததும் இந்த 'மாட்டேன்' என்ற உரிமைக்காகத்தான். நம் ஊர்களில் பறையைக் கீழே வைத்தவர்கள் அடிபட்டதும் அதற்காகத்தான். பின்னால் அதே பறையை நாமே விரும்பி மேடையில் எடுத்தோம். இரண்டும் ஒரே தோல், ஒரே அடி. ஆனால் ஒன்றல்ல.

அதனால்தான் யாராவது 'கலை எல்லோருக்கும் பொது, இலவசமாகக் கொடுங்களேன்' என்று நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதையே சபாக்காரர்களிடம் போய்ச் சொல்வார்களா? நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுவிட்டு, 'இயக்கம்தானே தோழர்' என்று பேருந்துக் காசுகூடக் கொடுக்காமல் அனுப்புகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். இந்த அறையிலும் இருக்கலாம்.

போன மாதம் கானாவும் ராப்பும் கலந்து பாடுகிற தம்பிகள் சிலர் வந்தார்கள். ஏழு பாட்டுகள் தயார். 'அண்ணே, இலவசமா விட்டுடலாமா?' என்று கேட்டார்கள். விலையைப் பிறகு பேசுவோம், முதலில் ஒரு தாள் எடுங்கள் என்றேன். மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்? நாளைக்கு ஒரு படத்துக்காரர் கேட்டால் யார் கையெழுத்துப் போடுவது, காசு எத்தனை பங்காகப் பிரியும்? யாருடைய பாட்டிலிருந்தாவது துண்டு எடுத்திருக்கிறீர்களா? கேட்பவர்களின் முகவரி உங்களிடம் இருக்குமா, நிறுவனத்திடம் இருக்குமா?

எழுதிக்கொண்டே வரும்போதுதான் தெரிந்தது, மூன்று பாட்டுகளுக்குப் பறை அடித்த அண்ணனின் பெயர் எங்குமே இல்லை. 'அவர் சும்மா வந்து அடிச்சுக் குடுத்தாருண்ணே' என்றான் ஒருவன். சொன்ன பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பெயரைச் சேர்த்துவிட்டோம். பங்கையும் எழுதிவிட்டோம். பாட்டுகள் இன்னும் வெளியாகவில்லை, விலை பற்றிய சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பிகள் இருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.